“ஊசி போட்டு முடிச்சிடப் போறீங்களா?” கடைசி நாட்களில் தூக்க மருந்து பற்றி வீட்டாரிடம் எப்படிப் பேசுவது

ஜூன் 3, இரவு 10.40 | டூட்டி டாக்டர், மாவட்ட மருத்துவமனை

நுரையீரல் புற்று, கடைசிக் கட்டம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்குமான மார்பின் ஓடுகிறது, நெஞ்சில் கட்டிய நீரை எடுத்தாகிவிட்டது, ஆக்ஸிஜன் இருக்கிறது, மூச்சுத்திணறல் மட்டும் அடங்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு மிடாசோலம் என்ற தூக்க ஊசி தொடங்கலாம் என்று வாயெடுத்தாலே வீட்டார் கேட்பது, “ஊசி போட்டு முடிச்சிடப் போறீங்களா டாக்டர்?” அதே வராண்டாவில் இன்னொரு குடும்பம், “இந்தக் கஷ்டம் பார்க்க முடியல, எதையாவது போட்டு விட்டுடுங்க” என்று கையைப் பிடித்துக்கொள்கிறது. கல்லூரியில் மருந்தளவு சொல்லித் தருகிறார்கள். எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அனுபவம் உள்ளவர்கள் நேரடியாக வாக்கியங்களாகவே எழுதுங்கள். நோயாளியிடம் என்ன, வீட்டாரிடம் என்ன, எந்த வரிசையில்?

ஜூன் 4, காலை 6.15 | ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) மருத்துவர்

முதலில் அவர்களைப் பேச விடுங்கள். “இதுவரைக்கும் டாக்டருங்க என்ன சொல்லியிருக்காங்க? பார்க்கிற உங்களுக்கு என்ன தோணுது?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் வார்டில் ரொம்ப நீளமாகத் தெரியும், நீங்கள் அதை நிரப்ப வேண்டாம். “நாள் கணக்குதான்னு தெரியும் டாக்டர்” என்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும். வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு நான்கு விஷயம், இந்த வரிசையில்:

“மூச்சு முட்டல் அடங்கச் செய்யக்கூடியதெல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. இன்னும் அடங்கல.”

“நோயை நிறுத்த நம்மகிட்ட மருந்து இல்ல. அந்தத் திணறல் அப்பாவுக்குத் தெரியாம இருக்க மருந்து இருக்கு. தூக்கம் வர்ற மருந்து. கொஞ்சம் கொஞ்சமா கொடுப்போம்.”

“எந்த அளவுல முகம் இளகுதோ அந்த அளவுல நிறுத்திக்குவோம். அதுக்கு மேல ஏத்த மாட்டோம்.”

“உயிர் போனா அது நோயால போறது. இந்தத் தூக்கத்துலேயே போகலாம். இதுக்கப்புறம் அவர் பேசாமலே இருக்கலாம். சொல்ல வேண்டியது, கேட்க வேண்டியது ஏதாவது இருந்தா மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.”

கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். விட்டால் மறுநாள் “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று நியாயமாகவே கேட்பார்கள்.

கையைப் பிடித்துக் கெஞ்சுகிறவரிடம்: “அவர் கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்க கேக்குறது சரி. அதை இப்பவே ஆரம்பிக்கிறேன். உயிரை எடுக்கிறதுக்குன்னு மருந்து கொடுக்க மாட்டேன், கஷ்டத்தை எடுக்கிறதுக்குக் கொடுப்பேன்.” ‘இப்பவே’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இரண்டாவது பாதி மறுப்பாக மட்டும் காதில் விழும்.

ஜூன் 4, காலை 9.30 | வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்

பேச உட்காருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கையை வைத்து அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள். மூத்திரம் அடைத்து நிற்கும் கிழவர் படுக்கையில் புரண்டு, கட்டிலைப் பிடித்து இழுத்து, துணியை உருவுவார். அதை ‘கடைசி நேர அமைதியின்மை’ என்று எழுதிவிடுவோம். ஒரு கதீட்டர் (மூத்திரக் குழாய்) போட்டால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். மலச்சிக்கலும் அப்படித்தான். குடிப்பழக்கம் உள்ளவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்றாம் நாள் நடுங்கினால் அது வேறு சிகிச்சை. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடோ குழப்பத்துக்கான ஹாலோபெரிடாலோ ஓடும்போது உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்தால் மருந்தையே சந்தேகப்படுங்கள். இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் “எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு” என்று வீட்டாரிடம் சொல்ல நமக்கு வாய் வரும்.

ஜூன் 4, காலை 11.05 | ஆதரவு சிகிச்சை மருத்துவர்

இதை அப்படியே வழிமொழிகிறேன். செர்னி, போர்ட்டனாய் என்ற இரு மருத்துவர்கள் 1994ல் வகுத்துத் தந்த வரையறையை இன்றும் பயன்படுத்துகிறோம். ஒரு தொல்லை ‘அடங்காதது’ என்று சொல்ல மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும். மேற்கொண்டு எந்தச் சிகிச்சையும் அதைக் குறைக்காது, அல்லது குறைக்கும் சிகிச்சை தாங்க முடியாத தொந்தரவு தரும், அல்லது நோயாளி தாங்கக்கூடிய நேரத்துக்குள் பலன் வராது. கஷ்டமான வலி வேறு, அடங்காத வலி வேறு. கஷ்டமான வலி என்றால் இன்னொரு டாக்டரை ஒரு போன் போட்டுக் கேளுங்கள், தூக்க மருந்துக்கு அவசரப்பட வேண்டாம்.

மார்பின் கால்சியம் கூடியதாலோ சிறுநீரகம் கெட்டதாலோ தேங்கி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, தொட்டாலே வலிக்கிறது என்று கத்துபவருக்கு மேலும் மார்பின் ஏற்றுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். தூங்க வைக்க மார்பினை ஏற்றாதீர்கள். மார்பின் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உள்ள மருந்து. தூக்கம் வேண்டுமென்றால் தூக்கத்துக்கான மருந்து.

ஜூன் 4, மதியம் 1.20 | மருந்தாளுநர்

மேலே ‘கால்சியம் கூடியதாலோ’ என்று இருப்பதைப் பிரித்துப் படிக்கவும். கால்சியம் கூடுவது தனியே குழப்பத்தை உண்டாக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரியும், சில நேரம் குறைக்கவும் முடியும். மார்பினின் கழிவுப் பொருட்கள் தேங்குவது சிறுநீரகத்தால்.

ஜூன் 4, மாலை 5.50 | சமூகப் பணியாளர்

வாக்கியங்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், முக்கியமானதை யாரும் தொடவில்லை. “நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? மூத்த பையன் யாரு? இங்க கையெழுத்து போடுங்க.” இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மகன் வாழ்நாள் முழுக்க “நான்தான் கையெழுத்துப் போட்டு அப்பாவை அனுப்பினேன்” என்று சுமப்பான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு அந்த வரிதான் வீட்டில் மிஞ்சும். தம்பிக்கும் அண்ணனுக்கும் சொத்துத் தகராறு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்து வீசுவார்கள்.

தொல்லை அடங்காதது என்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. மருந்து வேண்டும் என்று சொல்வதும் டாக்டர் வேலை. வீட்டாரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. “அப்பா இப்ப வாய்விட்டுப் பேச முடிஞ்சா என்ன கேட்பாரு?” அந்தக் கேள்விக்கு மகன் சாட்சியாகப் பதில் சொல்கிறான். தீர்ப்பு அவன் கையில் இல்லை.

ஜூன் 4, இரவு 9.15 | மயக்கவியல் மருத்துவர்

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நம் ஊரில் குடும்பம் கூடித்தான் முடிவெடுக்கிறது, எடுக்கவும் விரும்புகிறது. டாக்டரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் பழைய ‘பெரிய டாக்டர் சொல்லிட்டார்’ காலத்துக்குத் திரும்பிவிடுவோம். பிறகு நாளை “எங்களைக் கேக்காமலே ஊசி போட்டாங்க” என்று தகராறு வந்தால் கேஸ் ஷீட்டில் கையெழுத்து இல்லாமல் என்ன செய்வீர்கள்?

ஜூன் 5, காலை 6.40 | ஆதரவு சிகிச்சை மருத்துவர்

இரண்டு பேர் சொல்வதும் ஒரே இடத்தில் பொருந்தும். சம்மதம் வாங்குங்கள், எழுதுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள். கையெழுத்துக்கு முன் நீங்கள் சொல்லும் வரி மாறட்டும். “இது என்னோட பரிந்துரை. நானும் இன்னொரு டாக்டரும் சேர்ந்து பார்த்துட்டுச் சொல்றோம். உங்களுக்குப் புரியுது, ஒத்துக்கிறீங்கன்னுதான் இந்தக் கையெழுத்து. முடிவோட பாரம் எங்க மேல.” ஒருவரிடம் மட்டும் வாங்காமல், அங்கே இருக்கிற மனைவி, மகள் எல்லாரையும் உட்கார வைத்து அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். நம் குடும்பங்களில் இரவெல்லாம் பக்கத்தில் இருப்பது மனைவியும் மகளும், டாக்டர் கூப்பிட்டுப் பேசுவது மகனை. நோயாளி எதற்குப் பயந்தார், என்ன கேட்டார் என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும்.

கேஸ் ஷீட்டில்: எந்தத் தொல்லை, இதுவரை என்னென்ன முயன்றது, ஏன் போதவில்லை, உயிர் எத்தனை நாளுக்குள் போகலாம் என்ற மதிப்பீடு, நோக்கம் என்ன, யார் யாரிடம் எத்தனை மணிக்குப் பேசியது, அவர்கள் சொன்ன வார்த்தை அப்படியே, தொடங்கிய மருந்தும் அளவும், எந்த அறிகுறி வந்தால் ஏற்றுவது, எது வந்தால் குறைப்பது. இவ்வளவும் இருந்தால் பிறகு யார் கேட்டாலும் நோக்கம் என்னவென்று தாளே சொல்லும்.

சட்டம் பற்றிய பயம் எல்லோருக்கும் இருப்பதால் அதையும் எழுதுகிறேன். 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியதும் உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவது, தொடங்காமல் விடுவது, முன்கூட்டிய விருப்ப ஆவணம் ஆகியவை பற்றி. வென்டிலேட்டரை எடுப்பதற்கு மருத்துவக் குழுக்கள் கூட வேண்டும். அடங்காத மூச்சுத்திணறலுக்கு மிடாசோலம் கொடுப்பது சிகிச்சை, அந்த நடைமுறைக்குள் வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2018ல் வெளியிட்ட வரையறைத் தொகுப்பும் இதைக் கருணைக்கொலையிலிருந்து தெளிவாகப் பிரித்து வைக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் செய்கிறோம் என்றால் இரண்டு பேச்சு, இரண்டு பதிவு. கலந்துவிடாதீர்கள்.

ஜூன் 5, காலை 8.05 | டூட்டி டாக்டர்

“இது ஆயுளைக் குறைக்குமா, குறைக்காதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்டால்?

ஜூன் 5, காலை 10.30 | ஆதரவு சிகிச்சை மருத்துவர்

“அளவு பார்த்துக் கொடுத்தா குறைக்கிறதா ஆய்வுகள்ல தெரியல.” இவ்வளவுதான். இத்தாலியில் மால்தோனி குழு 2009ல் வெளியிட்ட ஆய்வில் தூக்க மருந்து பெற்றவர்கள் நடுமதிப்பாக 12 நாள் இருந்தார்கள், பெறாதவர்கள் 9 நாள். இதை வைத்து ஆயுள் கூடும் என்று சொல்லிவிடக் கூடாது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது, அப்படிச் செய்யவும் முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பும் 2015ல் 14 ஆய்வுகளைப் பார்த்து, ஆயுள் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் அதே தொகுப்பு, தொல்லை எந்த அளவுக்கு அடங்கியது என்பதற்கான ஆதாரமும் போதவில்லை என்கிறது. அதனால் “இனிமே ஒரு கஷ்டமும் இருக்காது” என்று சத்தியம் செய்யாதீர்கள். “கஷ்டம் தெரிஞ்சா உடனே ஏத்துவோம், பக்கத்துலயே இருப்போம்” என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏதோ ஒரு ஊசி கடைசி ஊசியாக இருக்கும். நர்ஸ் போட்டுவிட்டுத் திரும்பிய பத்து நிமிடத்தில் உயிர் போகலாம். “எந்த நேரமும் போகக்கூடிய நிலைமை இது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல போனா ஊசியாலதான்னு நினைக்காதீங்க” என்பதைத் தொடங்குமுன் வீட்டாரிடமும், இரவு டூட்டி நர்ஸிடமும் சொல்லுங்கள். அந்தப் பாரம் நர்ஸுக்கும் இருக்கிறது. பேச்சு நடக்கும்போது அவரையும் அறையில் நிற்க வையுங்கள்.

ஜூன் 5, மாலை 4.10 | மயக்கவியல் மருத்துவர்

அளவைப் பற்றியும் எழுதிவிடலாம். நெதர்லாந்து வழிகாட்டியில் மிடாசோலம் 10 மி.கி. தோலடியில் முதல் ஊசி, பிறகு மணிக்கு 1.5 முதல் 2.5 மி.கி. என்று பார்த்திருக்கிறேன்.

ஜூன் 5, மாலை 6.25 | மருந்தாளுநர்

அது அவர்கள் வழிகாட்டி, அவர்கள் நோயாளி, அதிலும் ஆயுள் இரண்டு வாரத்துக்குள் என்ற நிபந்தனையோடு ஆழ்ந்த தூக்கத்துக்கு. முப்பத்தைந்து கிலோவுக்கு இளைத்துப்போன, கல்லீரல் கெட்ட ஒருவருக்கு அந்தப் பத்து மி.கி.யைப் படித்துவிட்டு யாரும் ஏற்ற வேண்டாம். ஐரோப்பிய ஆதரவு சிகிச்சைச் சங்கத்தின் 2009 வழிகாட்டியில் தொடக்கம் மணிக்கு 0.5 முதல் 1 மி.கி., இடையில் தேவைப்பட்டால் 1 முதல் 5 மி.கி. ஒரு தடவை ஊசி. வயதானவர், இளைத்தவர் என்றால் 1 மி.கி.யில் தொடங்கிப் பார்ப்பது நல்லது. நோயாளி இந்த வகை மருந்துக்கே பழகாதவர் என்றால் இன்னும் பொறுமை. ஏற்கெனவே தினமும் இதே வகை மருந்தான குளோனாசெபாம் சாப்பிட்டவருக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

சிரிஞ்ச் பம்ப் கணக்கு: 5 மி.கி./மி.லி. மருந்தில் 10 மி.லி., உப்பு நீர் 40 மி.லி., மொத்தம் 50 மி.லி. சிரிஞ்சில் 50 மி.கி. ஆக 1 மி.லி. என்றால் 1 மி.கி. இரவு இரண்டு மணிக்கு மாற்றுபவருக்கும் கணக்குத் தப்பாது. 1 மி.கி./மி.லி. ஆம்பியூலும் 5 மி.கி./மி.லி. ஆம்பியூலும் ஒரே அலமாரியில் இருந்தால் பிரித்து வையுங்கள். ஐந்து மடங்கு தவறு நடப்பது அங்கேதான்.

ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோனை மிடாசோலத்தோடு ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள், படிந்துவிடும். இன்னொரு தூக்க மருந்தான பினோபார்பிட்டோனுக்கும் தனி ஊசி, தனி வழி. டயஸிபாம் தோலடியில் வேண்டாம், எரிக்கும்.

ஜூன் 5, இரவு 8.50 | வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்

பம்ப் இல்லாத இடத்தில்: 24 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி, காறை எலும்புக்குக் கீழே தோலடியில், மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டர். டாக்டர் எழுதிய அளவை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிவந்தாலோ வீங்கினாலோ இடம் மாற்றவும். நரம்பு தேடிக் குத்திக் கையெல்லாம் நீலமாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

தூக்கத்தின் ஆழத்தைப் பார்க்க தூக்கத்தையும் அமைதியின்மையையும் அளக்கும் ராஸ் (RASS) அளவுகோலின் ஆதரவு சிகிச்சை வடிவம் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, எவ்வளவு நேரம், தோளைத் தொட்டால் அசைகிறாரா. தொல்லை அடங்கும்வரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு நாளுக்கு மூன்று முறையாவது. நெற்றிச் சுருக்கம், தாடை இறுக்கம், கை முஷ்டி, இவை மூன்றையும் பார்க்க வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள். மானிட்டரை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் எல்லாக் கண்ணும் எண்ணைத்தான் பார்க்கும், முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வலிக்காக ஓடிய மார்பினைத் தூங்கிவிட்டார் என்று நிறுத்தாதீர்கள். தூக்கத்துக்குள்ளும் வலி உண்டு.

ஜூன் 6, காலை 7.00 | டூட்டி டாக்டர்

இவ்வளவும் வீட்டார் பக்கம். நோயாளியிடம் என்ன பேசுவது? “அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க, மனசு உடைஞ்சிடுவாரு” என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஜூன் 6, காலை 10.20 | சமூகப் பணியாளர்

அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அது பாசத்தில் வருவது. “நானா போய் எதையும் திணிக்க மாட்டேன். அவரா கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரியும்னு மட்டும் கேட்டுக்கிறேன், நீங்களும் கூட இருங்க.” இப்படிச் சொன்னால் மறுப்பவர் குறைவு. உள்ளே போனால் பெரும்பாலும் நோயாளிக்குத் தெரிந்தே இருக்கும். அவர் வீட்டாருக்காக மறைத்துக்கொண்டிருப்பார், வீட்டார் அவருக்காக.

ஜூன் 6, காலை 11.45 | ஆதரவு சிகிச்சை மருத்துவர்

நோயாளியிடம் இதைப் பேச வேண்டிய நேரம் மூச்சு முட்டும் இரவு அல்ல. தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளை. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்மட்டத்துக்கு வந்து: “ஐயா, வர்ற நாள்ல எதை நினைச்சா பயமா இருக்கு?” மூச்சு அடைத்துச் சாவது என்பார் ஒருவர். யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்பார் இன்னொருவர். இது இரண்டும் வேறு வேறு பேச்சு. முதலாமவரிடம்: “மூச்சு ரொம்ப முட்டினா அதைத் தெரியாமப் பண்ண மருந்து இருக்கு, தூக்கம் வரும். அப்படி வந்தா முழிச்சிருக்கவே விரும்புவீங்களா, தூங்கினா தேவலையா?” சிலர் “பேத்தி வர்ற வரைக்கும் முழிச்சிருக்கணும், அப்புறம் உங்க இஷ்டம்” என்று துல்லியமாகச் சொல்வார்கள். அந்த வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். வாரம் கழித்து அவர் பேச முடியாதபோது மகனுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

இரண்டாமவரிடம் தூக்க மருந்து பற்றிப் பேச அவசரப்படாதீர்கள். உடம்பில் அடங்காத தொல்லை இல்லாமல் “போதும், என்னைத் தூங்க வச்சிடுங்க” என்று கேட்பவருக்கு முதலில் மனச்சோர்வு இருக்கிறதா, வீட்டில் என்ன நடக்கிறது, கடன் என்ன, யார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று பலமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும். பிறகும் தாங்கவில்லை என்றால் குறுகிய ஓய்வுத் தூக்கம்: 6 முதல் 24 மணி நேரம் என்று முன்பே பேசி, குறித்த நேரத்தில் மருந்தைக் குறைத்து எழுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்பது. அந்த ஓய்விலேயே தெம்பு வருபவர்களும் உண்டு. “ஒரு தடவை ஆரம்பிச்சா எழுப்பவே முடியாதா?” என்ற பயமும் இதில் தீரும்.

ஜூன் 6, மதியம் 2.30 | மயக்கவியல் மருத்துவர்

எழுப்புவது பற்றி ஒரு எச்சரிக்கை. “அண்ணன் துபாய்ல இருந்து நாளைக்குக் காலைல வர்றான், ஒரு அரை மணி நேரம் எழுப்பி விடுங்க” என்பார்கள். மிடாசோலம் குறுகிய நேர மருந்துதான். ஆனால் இரண்டு மூன்று நாள் ஓடியபின், கல்லீரலும் சிறுநீரகமும் ஓய்ந்தபின், நிறுத்தினாலும் எழ மாட்டார். எழுந்தாலும் திணறலோடும் குழப்பத்தோடும் எழுவார். அண்ணன் பார்க்கும் கடைசி முகம் அதுவாக இருக்க வேண்டாம். மருந்து தொடங்குமுன் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். விமானம் சில மணி நேரத்தில் இறங்கும் என்றால் லேசான தூக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஊருக்கு வர இரண்டு நாள் ஆகும், அதுவரை திணறட்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் “முழிப்பா வச்சிருங்க” என்பதன் பொருள் அதுதான். அதை மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டியது நாம்.

முந்தாநாள் இரவு கையெழுத்து பற்றி எழுதியதில் என் எண்ணம் மாறியிருக்கிறது. கையெழுத்துக்கு முன் “இது என்னோட பரிந்துரை” என்று சொல்வதில் எனக்கு இப்போது ஆட்சேபம் இல்லை. குடும்பம் கூடிப் பேச நேரம் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 6, இரவு 9.40 | வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்

சாப்பாடு. இதை விட்டால் பேச்சே முடியாது. “தண்ணிகூட இல்லாம பட்டினி போட்டு...” என்று ஆரம்பிப்பார்கள். சொல்ல வேண்டியது: “அவர் சாப்பிடாததால சாகல. உடம்பு மூடிக்கிட்டு வர்றதால பசி இல்ல.” தூக்க மருந்து வேறு, டிரிப்ஸ் வேறு, இரண்டும் தனித்தனி முடிவு. டிரிப்ஸ் ஓட்டினால் சிலருக்குக் கால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும். வீட்டார் மனசு ஆறவே ஆறாது என்றால் தோலடியில் 500 மி.லி. மெதுவாக விட்டுப் பார்த்து, சத்தம் கூடினால் நிறுத்துவோம் என்று முன்பே பேசிக்கொள்ளலாம்.

அவர்கள் கைக்கு வேலை கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் ஈரத்துணி சுற்றி வாய் துடைப்பது, உதட்டுக்கு நெய்யோ வாஸ்லினோ தடவுவது. பால் ஊற்றும் நேரத்தில் கிண்ணத்தோடு வரிசையில் வருவார்கள், தடுக்காதீர்கள். உயிர் இருக்கும்போது ஸ்பூனில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி இருமி மூச்சடைக்கும். பஞ்சைப் பாலில் நனைத்து, பிழிந்து, கீழ் உதட்டின் உட்பக்கம் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். கங்கைத் தீர்த்தம், துளசித் தண்ணீர், ஸம்ஸம் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதே முறை.

ஜூன் 7, காலை 6.50 | சமூகப் பணியாளர்

அதோடு சேர்த்து: கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நோயில்பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) ஃபாதரைக் கூப்பிட மருந்துக்கு முன் நேரம் கொடுங்கள். முழு நினைவோடு பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புவார்கள். “சபை ஒத்துக்குமா?” என்று தயங்கினால், 1957லேயே போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போது, கடும் வேதனைக்காக நினைவு மங்கும் மருந்து கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இஸ்லாமியக் குடும்பம் என்றால் கலிமா சொல்லும் நினைவோடு இருக்க வேண்டும் என்று நோயாளியே கேட்கலாம். பகலில் குறைத்து இரவில் கூட்டுவது போன்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் காதருகே சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள். தூங்குபவருக்குக் காது கேட்காது என்று நாமே முடிவு கட்ட வேண்டாம்.

ஜூன் 7, காலை 9.15 | வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்

கொர கொர சத்தம். “மூச்சு திணறுது, ஊசி ஏத்துங்க” என்று ஓடி வருவார்கள். தொண்டையில் தங்கிய எச்சில் அது, ஆழ்ந்து தூங்குபவருக்குத் தொந்தரவு இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலை சற்றுத் தாழ. எச்சில் சுரப்பைக் குறைக்க பஸ்கோபான் 20 மி.கி. அல்லது கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. தோலடியில். சக்ஷன் குழாயைத் தொண்டைக்குள் விட்டுக் குடையாதீர்கள். இந்தச் சத்தம் வரும் என்று முந்தின நாளே சொல்லி வைத்தால் பாதி பயம் போய்விடும்.

ஜூன் 7, மதியம் 12.40 | டூட்டி டாக்டர்

வாய்ப்புற்று நோயாளிகள் எங்களிடம் அதிகம். கழுத்தில் புண் ஆழமாகி ரத்தக்குழாயை ஒட்டி நிற்கிறது. வீட்டுக்குப் போகிறோம் என்கிறார்கள். ரத்தம் பீறிடலாம் என்பதைச் சொல்வதா வேண்டாமா?

ஜூன் 7, மாலை 3.30 | ஆதரவு சிகிச்சை மருத்துவர்

சொல்லுங்கள். சொல்லாமல் அனுப்பினால் நடுராத்திரியில் வீட்டார் தனியே அதைச் சந்திப்பார்கள். புண்ணில் சிறு கசிவு வந்து நிற்பது பெரிய கசிவுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம், அப்போதாவது பேசியே ஆக வேண்டும்.

“இந்த இடத்துல திடீர்னு ரத்தம் நிறைய வரலாம். வந்தா சில நிமிஷத்துல நினைவு போயிடும். நிறுத்த முடியாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடற நேரமும் இருக்காது. அப்ப என்ன பண்ணனும்னு இப்பவே சொல்லித் தர்றேன்.” கரும்பச்சை அல்லது மெரூன் நிறத்தில் நான்கைந்து பெரிய துண்டு, கட்டிலுக்குக் கீழே. வெள்ளைத் துணியில் ரத்தம் பார்த்தால் எல்லோரும் அலறுவார்கள், நோயாளியும் பார்ப்பார். ஒருவர் துண்டை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தருகே பேச வேண்டும். குழந்தைகளை வெளியே அழைத்துப் போக ஒருவர். வலிப்புக்குத் தரும் மிடாசோலம் மூக்கு ஸ்பிரே ஒன்றை எழுதிக் கொடுத்து, எத்தனை தடவை அழுத்துவது என்று நோயாளிக்கேற்ற அளவைப் பெட்டியின் மேலேயே எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் என்றால் 5 முதல் 10 மி.கி. உடனடி ஊசிக்கு முன்கூட்டியே உத்தரவு கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். மருந்து எடுக்க ஓடி நோயாளியைத் தனியே விடுவதைவிட, மருந்து இல்லாமலே பக்கத்தில் இருப்பது நல்லது. இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு 10.10 | வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரும் பிரிவு உண்டு. டிஸ்சார்ஜ் அன்றே அந்த வட்டார நர்ஸிடம் போனில் பேசி, என்ன மருந்து ஓடுகிறது, வீட்டாரிடம் எதுவரை பேசியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று கேட்டால் குடும்பம் யாரையும் நம்பாது.

அடுத்தது சர்டிபிகேட். வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா, போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்களா என்ற பயத்திலேயே கடைசி மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் நிகழும் இயற்கை மரணத்துக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் இறப்புக் காரணச் சான்று 4ஏ படிவத்தில் கொடுக்கலாம். யார் கொடுப்பார், அவர் போன் நம்பர் என்ன, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், இதை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஜூன் 8, காலை 7.30 | டூட்டி டாக்டர்

நன்றி. இரவு டூட்டிக்கு ஒரு தாள் தயாரிக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: குழப்பமும் கத்தலும் முக்கியத் தொல்லையாக இருப்பவருக்கும் மிடாசோலத்திலேயே தொடங்கலாமா?

ஜூன் 8, காலை 9.00 | மருந்தாளுநர்

வேண்டாம். குழப்பத்துக்கு முதலில் ஹாலோபெரிடால், 0.5 முதல் 2 மி.கி., தோலடியில். மிடாசோலம் தனியாகக் கொடுத்தால் சிலருக்குக் குழப்பம் கூடும். ஹாலோபெரிடால் போதாதபோது அதோடு சேர்த்து மிடாசோலம். அந்த மிடாசோலமும் மணிக்கு 20 மி.கி. பக்கம் போயும் அடங்கவில்லை என்றால் மேலும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், அடுத்த மருந்து பினோபார்பிட்டோன், அதற்கும் மேல் மயக்க மருந்தான புரோபோஃபால். புரோபோஃபால் மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். தாளில் இந்த இடத்துக்கு எதிரே மூத்த டாக்டரின் நம்பரை எழுதுங்கள்.

ஜூன் 8, காலை 9.20 | சமூகப் பணியாளர்

தாளின் பின்பக்கம் ஒரு கட்டம் விடுங்கள்: ‘இறப்புக்குப் பின் வீட்டாருக்குப் போன் செய்த நாள், பேசியவர்.’ பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு போன். “அந்த ஊசி பத்தி ஏதாவது மனசுல உறுத்துதா?” என்று நீங்களே கேளுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.